முருங்கை மரத்தில் அப்பா

அப்பா இறந்த ஆறாம் நாள் காலை. பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். பித்தளை டபரா பளபளவென்று இருந்தது. ஒரு வாரமாகச் சாவு வீட்டில் பாத்திரமெல்லாம் பிசுக்கோடு கிடந்ததில், அந்தப் பளபளப்பு மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. செல்வி அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தபடி நிமிர்ந்தேன்.

முருங்கை மரத்தின் கவட்டையில் கட்டிவைத்திருந்த அஸ்திக் கலயத்தைக் காணோம். கல்லுக்குப் பக்கத்தில் அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் வாயைக் கட்டியிருந்த மஞ்சள் துணி, அலசிப் பிழிந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

மரத்தைப் பார்த்தேன். கைக்கு எட்டிய உயரம் வரை பட்டையெல்லாம் வெள்ளை. தாழ்ந்த கிளைகளின் இலைகளிலும் மெல்லிசாக வெள்ளை. கம்பளிப்பூச்சிகள் பத்துப் பதினைந்து தரையில் உதிர்ந்து கிடந்தன.

"அக்கா, இந்தக் கலயத்துல இருந்தது எங்கே?"

செல்வி அக்கா துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள். "தூவிட்டேனே சார். ஐயா இருந்தா இந்நேரம் ரெண்டு வாட்டி சொல்லிருப்பாரு. பூச்சி மேல மேல ஏறிகினே கீது. கட்டி கட்டியா இருந்தத வேர்ல போட்டு, கொத்திவுட்டு, தண்ணியும் ஊத்திட்டேன். கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. அத்த வச்சி பித்தள பாத்திரம் தேச்சிட்டேன்."

டபரா என் கையில் இருந்தது. பாதிக் காபி உள்ளே போயிருந்தது.

அவள் மேல் தப்பில்லை

இதைப் படித்துவிட்டு யாரும் செல்வி அக்காவைத் திட்டி ஆசிரியருக்குக் கடிதம் போட வேண்டாம். என் பெரியப்பாவைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கு வந்த வசவே இன்னும் ஓயவில்லை. அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை இந்தச் சங்கதியை வாயால் சொல்லவே முடியவில்லை. இப்போதுதான் எழுத முடிகிறது.

எங்கள் வீட்டில் கேஸ் வந்த பிறகும் அப்பாவுக்கு மட்டும் பின்பக்கம் விறகு அடுப்பில்தான் வெந்நீர். அந்தச் சாம்பலை ஒரு மண் கலயத்தில் சேர்த்து முருங்கை மரத்தடியில் வைத்திருப்பார். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறினால், அதை மரத்தில் தூவ வேண்டியது செல்வி அக்காவின் வேலை. எட்டு வருஷமாக ஒரு மழைக்காலம் தவறாமல் செய்துவந்தாள்.

சாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ அந்தக் கலயத்தை மிதித்து உடைத்துவிட்டார்கள். தகனம் முடிந்த கையோடு அனகாபுத்தூரில் மகளுக்குப் பிரசவ வலி என்று செல்வி அக்கா கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் சுடுகாட்டிலிருந்து நாங்கள் கொண்டுவந்த அஸ்தியை வீட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாது, வெளியில் மரத்தில் கட்டுங்கள் என்றார்கள். எங்களிடம் இருந்ததே ஒரு மரம். அதில் கட்டினோம். திரும்பி வந்தவள், பழைய கலயம் உடைந்ததால் புதுசு வாங்கித் துணியெல்லாம் கட்டி, நனையாமல் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள்.

"எங்க ஆளுங்கள்ல பொதைக்கிறதுதான் சார். சாம்பல எடுத்தாந்து வூட்ல கட்டுவாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டாள். விஷயம் புரிந்ததும் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயாவ நானே கொட்டிட்டேனே" என்று அவள் ஆரம்பித்ததும் நான் ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தினேன். உள்ளே அம்மா படுத்திருந்தாள்.

என் பயம் அம்மா மட்டுமில்லை. மறுநாள் விடியற்காலை மஸ்கட்டிலிருந்து அண்ணன் வருகிறான்.

அப்பாவுக்கு மூத்த பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும். அண்ணனுக்கு லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து வருவதற்குள் காத்திருக்க முடியாத நிலைமை. நானே வைத்தேன். அதைவிடப் பெரிய சங்கடம், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் வந்தபோது அப்பாவுக்கும் அவனுக்கும் நடந்த சண்டை. அதற்குப் பிறகு ரெண்டு பேரும் பேசவே இல்லை. போனில் அவன் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டான்: "கொள்ளி வைக்கல, முகத்தையும் பார்க்கல. கரைக்கிறதையாவது என் கையால பண்றேன்டா. அதை மட்டும் எனக்கு வை."

நானும் வைத்துத்தான் இருந்தேன், மரத்தில் கட்டி.

ஏழு ஏக்கர் எரு, ஒரு மரம்

அந்தச் சண்டை எதற்கு என்று சொல்ல வேண்டும். எருவுக்காக.

நாங்கள் சிட்லபாக்கத்தில் ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். நிலம் மனையானது, மனை வீடானது. கடைசியில் அப்பாவுக்கு மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி மண்ணும் ஒரு முருங்கை மரமும். ஏழு ஏக்கருக்கு எரு அடித்துப் பழகிய மனிதர், அத்தனையையும் அந்த ஒரு மரத்துக்கே அடித்தார்.

கேம்ப் ரோடு சலூன்காரர் எங்கள் அப்பாவுக்காக வெட்டிய முடியைத் தனி மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார். ஊர்க்காரர்கள் தலைமுடியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. கோடையில் ஏரி வற்றினால் வண்டல் மண்ணை வெட்டி என் ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் ஏற்றிவிடுவார். நான் காலை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓட்டுவேன்.

அதுகூடப் பரவாயில்லை. வெளியில் எங்கே போனாலும் அவர் ஒன்றுக்குப் போக மாட்டார். தாம்பரம் ஸ்டேஷனில் முகம் கறுத்து நெளிவார், ஆனாலும் போக மாட்டார். அடக்கிக்கொண்டு வீடு வரை வந்து, ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து மரத்துக்குத்தான். ஒருமுறை பரிசோதனைக்காக லேபில் டப்பா கொடுத்தார்கள். கோடு வரைக்கும் பிடித்துக் கொடுத்துவிட்டு, மீதியோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தார்.

"ஏம்பா இப்படி மானத்தை வாங்கறீங்க?" என்று கேட்டேன்.

"காயப் பறிச்சித் துன்றியே, அது இன்னா காத்துலயா வந்துச்சு?" என்றார். "மண்ணுல கீற சத்து வேருக்குப் போவுது, வேர்ல இருந்து காய்க்குப் போவுது, காய்ல இருந்து உனக்கு வருது. நீ இன்னா பண்ற? துன்னுட்டு தாம்பரத்துல ஆபீசுக்குப் போயி எறக்கி வச்சிட்டு வர்ற. வருஷம் பூரா இப்டிப் பண்ணா மரம் எத்தினி நாளிக்குத் தாங்கும்?"

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஆபீஸ் டாய்லெட்டுக்குப் போகவே எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம், கோவளம் மீன் கழிவு. வாரம் ஒருநாள் பஸ் ஏறிக் கோவளம் போவார். கரையில் மீன் அரிகிற பெண்கள் தள்ளிவிடும் குடலையும் தலையையும் முள்ளையும் நாலடுக்குக் கேரியரில் வாங்கிக்கொண்டு வருவார். கீழே குடல், அதற்கு மேல் தலை, மூன்றாவதில் முள். மேல் அடுக்கில் அவருடைய மதியச் சாப்பாடு, தயிர் சாதம். பஸ்ஸில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் மேல் அடுக்கைத் திறந்து நிதானமாகச் சாப்பிடுவார் என்று கண்டக்டரே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

"மழை பேஞ்சா சத்து பூரா கடலுக்குப் போயிடுது. தானா திரும்பி வருமா? யாராவது ஒருத்தன் தூக்கியாந்துதானே ஆவணும்" என்பார். வங்காள விரிகுடாவிடமிருந்து சிட்லபாக்கத்துக்குச் சேர வேண்டியதை நாலடுக்குக் கேரியரில் மீட்டுக்கொண்டிருந்தார் எங்கள் அப்பா.

அண்ணனுக்கு இதெல்லாம் சின்ன வயசிலிருந்தே ஆகாது. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ‘எரு’ என்றே பேர் வைத்திருந்தார்கள். அந்த லீவில் வந்தவன் நாற்றம் தாங்காமல், "பேசாம பின்பக்கம் பூரா சிமென்ட் போட்டுடலாம்ப்பா" என்று சொல்லிவிட்டான். அப்பா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். அதோடு சரி. சாகும்வரை அவனோடு பேசவில்லை.

எது அப்பா, எது வஞ்சிரம்

செல்வி அக்காவை அழ வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன். மிச்சம் மீதி ஏதாவது இருக்கும் என்று ஒரு நப்பாசை. அப்பாவை எரித்த மேடையில் வேறொருவர் எரிந்துகொண்டிருந்தார். நடுவில் இன்னும் ரெண்டு பேர் வந்து போய்விட்டதாக அங்கே இருந்தவர் சொன்னார். "சாம்பல் வேணும்னா அள்ளிக்க சார். ஆனா யாருதுன்னு எங்கிட்ட கேக்காத" என்றார். கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

வெந்நீர் அடுப்புச் சாம்பலைக் கலயத்தில் நிரப்பி வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அண்ணன் கேட்ட ஒரே ஒரு பொருளுக்குப் பதிலாகச் சவுக்கு விறகுச் சாம்பலைக் கொடுக்க மனசு ஒப்பவில்லை. அப்படிச் செய்திருந்தால் இன்றைக்கு என்னால் தூங்க முடியாது.

ஆகவே மரத்திலிருந்தே அப்பாவைத் திரும்ப எடுப்பது என்று முடிவு செய்தேன். பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று இருந்தது. செல்வி அக்கா இலைக்குக் கீழே முறத்தைப் பிடிக்க, நான் இலை இலையாகத் துடைத்தேன். முருங்கை இலை எவ்வளவு சின்னது என்பது சாம்பாரில் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு கொப்பைத் துடைத்து முடிப்பதற்குள் கை மரத்துப்போனது. முறத்தில் சாம்பலைவிடக் கம்பளிப்பூச்சி ரோமம்தான் அதிகமாகச் சேர்ந்தது.

அம்மா எழுந்து வந்து கதவோரம் நின்றாள். "என்னடா பண்றே?"

"பூச்சி தட்டறேம்மா."

கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்கப்பா மாதிரியே ஆயிட்டே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்வி அக்கா முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அடுத்தது வேர்ப் பக்கம். களைக்கொத்தியை எடுத்து, அவள் காட்டிய இடத்தில் தோண்டினேன். எலும்புகள் வந்தன. ஒன்று, இரண்டு, பத்து. சந்தோஷப்பட்டேன். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தன. அரை அடி ஆழத்தில் முக்கால் கூடை சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: வருஷக்கணக்காக அவர் புதைத்து வைத்த கோவளத்து மீன்கள் அத்தனையும் அங்கேதான் இருக்கின்றன.

எது அப்பா, எது வஞ்சிரம் என்று பிரிக்க உட்கார்ந்தேன். வெந்த எலும்பு வெள்ளை, மீன் முள் பழுப்பு என்று முதலில் ஒரு கணக்கு வைத்தேன். நனைந்த மண்ணில் எல்லாமே ஒரே நிறமாக இருந்தது. "தடியா இருந்தா ஐயா, மெல்லிசா இருந்தா மீனு" என்றாள் செல்வி அக்கா. அப்பா ஒன்றும் தடியான ஆள் இல்லையே என்றேன். கடைசியில் சந்தேகத்துக்கு இடமானவற்றையும் சேர்த்து, இலைத் தூசியையும் வேர் மண்ணையும் போட்டுக் கலயத்தை நிரப்பி மஞ்சள் துணியால் கட்டினேன். பாத்திரம் தேய்த்த தண்ணீர் வாய்க்கால் வழியாக முருங்கை வேருக்குத்தான் போகும். அதை நினைத்து ஓரளவு ஆறுதல்பட்டேன்.

சாயங்காலத்துக்குள் முகம், கழுத்து, கை எல்லாம் தடித்து வீங்கிவிட்டது. கம்பளிப்பூச்சி தன் வேலையைக் காட்டிவிட்டது.

மடியில் கலயம்

விடியற்காலை வந்து இறங்கிய அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே கட்டிக்கொண்டான். "எவ்வளவு அழுதிருந்தா இப்படி வீங்கியிருக்கும்! நான் கூட இல்லாமப் போயிட்டேனேடா" என்று குலுங்கினான். எனக்குக் கழுத்து அரித்தது. சொறிந்தால் மரியாதையாக இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வாடகைக் காரில் நாங்கள் இரண்டு பேரும் கோவளத்துக்குக் கிளம்பினோம். அண்ணன் கலயத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். மேடவாக்கம் தாண்டியது. அப்புறம், என்னிடம் அல்ல, கலயத்திடம் பேச ஆரம்பித்தான்.

"சிமென்ட் போடலாம்னு சொன்னது தப்புதான்ப்பா. ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன். ஒரு போன் பண்ணியிருக்கலாம். தினம் பண்ணணும்னுதான் நினைப்பேன். நீங்க எடுத்து வச்சிடுவீங்களோன்னு பயம்ப்பா."

டிரைவர் ரேடியோவை அணைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவன் இவ்வளவு மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கிற கலயத்தில் கால்வாசி மீன் என்பதை நினைத்தபோது எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் சொறிவது போலப் பாவனை செய்து மறைத்தேன்.

கோவளத்தில் படகுகள் கரையேறி மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஆள் இல்லாத பக்கமாகப் போனோம். அண்ணன் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, துணியை அவிழ்த்து, உள்ளே கையை விட்டான். அப்படியே நின்றான்.

"டேய், இதுல மண்புழு இருக்குடா."

அவன் உள்ளங்கையில் ஒரு மண்புழு ஆரோக்கியமாக நெளிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மீன் முள், தலையோடு சேர்ந்த துண்டு. அவன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீரில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: செல்வி அக்கா, கம்பளிப்பூச்சி, பிரஷ், முறம், டபரா. எதையும் விடவில்லை.

அடிக்கத்தான் கையை ஓங்கினான். சரியாக அந்த நேரம் ஒரு பெரிய அலை வந்தது. ஓங்கிய கையால் சட்டென்று கலயத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அலை எங்கள் இரண்டு பேரையும் தள்ளிவிட்டுப் போனது. கலயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. கரைக்க வந்தவன் கரையாமல் காப்பாற்றிக்கொண்டு நின்றான்.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். "இன்னா தம்பி, திரும்பத் தூக்கிகினு வர்ற? கடலு வேணான்னுச்சா?" என்றாள்.

அண்ணன் மணலில் உட்கார்ந்தான். "இதுல அப்பா எவ்வளவு இருப்பாரு?"

"பாதி சொல்லலாம்."

"மிச்சம்?"

"மரத்துல. வேர்ல."

நெடுநேரம் கலயத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். "உப்புத் தண்ணில போட்டா புழு செத்துடும்டா" என்றான். அப்புறம் எழுந்து ஒரே ஒரு பிடி அள்ளி, புழு இல்லாமல் பார்த்துக்கொண்டு, கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டான். அந்தப் பிடியில் இருந்த மீன் முள்ளும் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

மீதிக் கலயம் எங்களோடு காரில் திரும்பியது. அம்மா உள்ளே குளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு மரத்தடியில் குந்தி, தன் கையாலேயே எல்லாவற்றையும் வேரில் போட்டு மூடினான். செல்வி அக்கா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "கரைச்சாச்சாப்பா?" என்று அம்மா கேட்டபோது, "ஆச்சும்மா, என் கையால" என்று அவன்தான் சொன்னான்.

பங்குனியில் காய்த்தது

பங்குனியில் அந்த மரம் காய்த்த காய்ப்பை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. கிளை ஒடிந்துவிடும் என்று முட்டுக் கொடுத்தோம். அம்மா தெரு முழுக்கக் கொடுத்தாள். அப்பாவின் எரு நாற்றத்தைப் பற்றி மூன்று முறை புகார் எழுதிக் கொடுத்த எதிர்வீட்டு சார், "இந்த மாதிரி சதைப்பத்து எங்கேயும் கிடையாது சார்" என்று இரண்டாவது தடவையும் பையோடு வந்தார். நான் பையை நிரப்பிக் கொடுத்தேன்.

என்னால் மட்டும் சாப்பிட முடியவில்லை. வயிற்றுப்புண், டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று தினம் ஒரு பொய். செல்வி அக்கா தனக்கு முருங்கையே ஆகாது என்று சொல்லிவிட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் என்ன வந்தது என்று அம்மா சந்தேகமாகப் பார்த்தாள்.

ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்தால், அம்மா காய்களை விரல் நீளத்துக்கு நறுக்கிச் செய்தித்தாளில் சுற்றிக் கட்டிவிட்டிருக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் மஸ்கட் போகிறாராம், அண்ணன் குடும்பத்துக்குக் கொடுத்து அனுப்பியாகிவிட்டதாம். வெளியில் போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "வரட்டும்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

நாலைந்து நாள் அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாள், அவனே கூப்பிட்டான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன். சாம்பார் வச்சிருந்தா. ரெண்டு வாட்டி சோறு வாங்கினேன். பசங்களும் நல்லா சாப்பிட்டாங்க."

"அண்ணிகிட்ட சொன்னியா?"

"உனக்கென்ன பைத்தியமா?"

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "சக்கையைக் குப்பையில போட மனசு வரலடா. எல்லார் தட்டுலேர்ந்தும் பொறுக்கி ஒரு பேப்பர்ல கட்டிக்கிட்டுக் கீழ போனேன். பில்டிங் வாசல்ல ஒரு பேரீச்ச மரம் இருக்கு. அதுக்கடியில கையாலயே தோண்டிப் புதைச்சேன். வாட்ச்மேன் ஓடி வந்தான். மலையாளத்துக்காரன், நல்ல மனுஷன். என்ன சார் புதைக்கிறீங்கன்னு கேட்டான்."

"என்ன சொன்னே?"

"எங்கப்பான்னு சொன்னேன்."